எஸ்ஸுக்கு முன்னா, பின்னா?

ஆண்டுதோறும் செப்டம்பர் 5ஆம் நாள் நெருங்குகையில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உள்ள நம் தமிழ் இல்லங்களில் குழந்தைகள் வண்ணத்தாளை மடித்து வாழ்த்து மடல் செய்யத் தொடங்குவர். டாக்டர் ராதாகிருஷ்ணன் அவர்களின் பிறந்தநாள் 1962 முதல் ஆசிரியர் தினமாகக் கொண்டாடப்படுவது யாவரும் அறிந்ததே. மடலின் முகப்பில் ‘டீச்சர்ஸ் டே’ என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியபின், அபாஸ்டிரபி எனப்படும் அச்சிறு குறியை எங்கே இடுவது என்ற ஐயம் எழுகிறது. எஸ் என்னும் எழுத்துக்கு முன்னா, பின்னா? குழந்தை தாயைக் கேட்கும். தாய் தந்தையைக் கை காட்டுவார். தந்தையோ செய்தித்தாளுக்குள் முகத்தை மறைத்துக்கொள்வார்.

இதில் காது நமக்கு உதவுவதில்லை. ‘பாய்ஸ்’ என்று ஒருவர் சொல்லக் கேட்டால், பையன்கள் என்கிறாரா, பையனுடைய என்கிறாரா, பையன்களுடைய என்கிறாரா என்பது ஒலியால் விளங்காது. பன்மைக்கும் உடைமைக்கும் ஒரே எஸ்ஸை வைத்துக்கொண்டு ஆங்கிலம் காலம் தள்ளுகிறது. பழைய ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட ‘எஸ்’ என்ற விகுதி ஓர் உயிரெழுத்தோடு கூடி நின்றது. அவ்வுயிரெழுத்து தேய்ந்து மறைந்த இடத்தின் அடையாளமே இக்குறி என்பர். ஒருமைச் சொல்லில் முதலில் நிலைபெற்ற குறி, பன்மைச் சொல்லின் இறுதிக்குப் பின்னரே வந்து சேர்ந்தது.

நம் மொழி இவ்விடத்தில் தாராளமானது. பன்மைக்குக் ‘கள்’ என்று தனி விகுதி. உடைமைக்கு ‘உடைய’ என்று தனிச் சொல்லுருபு. பையன், கள், உடைய என்று மூன்றும் வரிசையாக நிற்கும். ஆகவே ஐயம் எழும்போதெல்லாம் சொற்றொடரைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்படி குழந்தைக்குக் கற்பித்தல் நன்று. ‘கள்’ வந்தால் முதலில் எஸ். அதன் பின்னர்க் குறி. ‘கள்’ வாராவிடில் முதலில் குறி. அதன் பின்னர் எஸ். ‘பையன்களுடைய விடுதி’ எனில் பாய்ஸ்’. ‘பையனுடைய பேனா’ எனில் பாய்’ஸ்.

ஆனால் ‘ஆசிரியர் தினம்’ என்பதில் உடைய எங்கே, கள் எங்கே என்று குழந்தை கேட்கும். நல்ல கேள்வி. அது ஆறாம் வேற்றுமைத் தொகை. பள்ளியில் தமிழ் பயிலாத குழந்தைக்கு, தொகை என்றால் என்ன என்று சொல்லித் தர இதைவிட வாய்ப்பான தருணம் கிடையாது. தொகையை விரித்தால் ‘ஆசிரியர்களுடைய தினம்’ ஆகிறது. ஆதலின் டீச்சர்ஸ்’ என்று எஸ்ஸுக்குப் பின்னரே குறி இடுதல் வேண்டும். நவம்பர் 14இல் வரும் குழந்தைகள் தினத்துக்கு இவ்வழி சற்று மாறும். சில்ட்ரன் என்பது எஸ் இன்றியே பன்மையாகிவிட்ட சொல். அதற்குக் குறியையும் இட்டு எஸ்ஸையும் சேர்க்க வேண்டும், சில்ட்ரன்’ஸ் ஆகும். மென், விமன் என்பனவும் அவ்வாறே.

தமிழ் நம்மைத் தடுமாறச் செய்யும் இடங்களும் உண்டு. ‘தலைமையாசிரியர் அவர்களுடைய அறை’ என்று நாம் மரியாதையோடு சொல்வோம். அங்கே வரும் ‘கள்’ மதிப்புக்கு உரியது, எண்ணிக்கைக்கு உரியதன்று. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் ஒரு பள்ளிக்குப் பல தலைமையாசிரியர் ஏற்பட்டுவிடுவர்! இன்னொன்று அன்னையர் தினம். தமிழில் அது பன்மை; ஆங்கிலத்திலோ மதர்’ஸ் என்று ஒருமை. அமெரிக்காவில் அந்நாளைத் தொடங்கி வைத்த ஆனா ஜார்விஸ் என்னும் அம்மையார், ஒவ்வொரு குடும்பமும் தன் தாய் ஒருத்தியைப் போற்ற வேண்டும் என்று கருதி, ஒருமையே வேண்டும் எனப் பிடிவாதமாக நின்றார். 1914இல் அந்நாட்டுத் தலைவர் வில்சன் அதனை அறிவித்தபோதும் ஒருமையே நிலைத்தது.

பெரியவர்கள் இடறும் இடம் விடுப்பு விண்ணப்பம். ஊர்த் திருவிழாவுக்கோ, தங்கை திருமணத்துக்கோ புறப்படும் நம்மவர் ‘டென் டேஸ் லீவ்’ என்று குறியே இல்லாமல் எழுதி அனுப்புவர். தமிழில் ‘பத்து நாள் விடுப்பு’ என்கிறோம். கள்ளும் இல்லை, உடையவும் இல்லை. ஆங்கில இலக்கணமோ அதைப் பத்து நாட்களுடைய விடுப்பாகவே எண்ணுகிறது. ஆதலால் டேஸ்’ என்று எஸ்ஸுக்குப் பின் குறி வேண்டும். ஒரு நாள் எனில் டே’ஸ். விடுப்புக் கிடைப்பதும் கிடைக்காததும் மேலதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. அதற்கு இலக்கணம் பொறுப்பாகாது.

குறியின் இடம் மாறினால் வரலாறே மாறிவிடுவதைக் காண விரும்புவோர் இங்கிலாந்தின் இரு பெரும் பல்கலைக்கழகங்களைப் பார்க்கலாம். ஆக்ஸ்போர்டில் உள்ளது குயின்’ஸ் கல்லூரி. 1341இல் நிறுவப்பட்டு, பிலிப்பா என்ற ஓர் அரசியின் பெயரால் அமைந்தது. கேம்பிரிட்ஜில் உள்ளதோ குயின்ஸ்’ கல்லூரி. 1448இல் மார்கரெட் அரசியும், 1465இல் எலிசபெத் வுட்வில் அரசியும் அதனை நிறுவியவர்களாகப் போற்றப்படுவதால், குறி எஸ்ஸைத் தாண்டி நிற்கிறது. அவ்வளவு தொலைவு செல்ல இயலாத கொல்கத்தா அன்பர்களுக்கு ரைட்டர்ஸ்’ பில்டிங்ஸ் அருகிலேயே இருக்கிறது. 1777இல் கட்டத் தொடங்கிய அம்மாளிகை, கிழக்கிந்தியக் கம்பெனியின் இளம் எழுத்தர்களுக்கானது. நம் ஊர்க் காவல் நிலையத்திலும் ஒரு ரைட்டர் உண்டு. ஆயின் அங்கே அவர் ஒருவரே, இங்கே பலர். மேற்கு வங்கத் தலைமைச் செயலகம் 2013இல் அங்கிருந்து ஹௌராவுக்குப் பெயர்ந்தது.

இவையெல்லாம் பெயர்ப் பலகையோடு போகும். பத்திரங்களில் அப்படி அன்று. ஆங்கிலத்தில் உயில் எழுதும் ஒருவர், தம் சொத்து ‘சன்’ஸ் சில்ட்ரன்’ வசம் சேரட்டும் என்றால் ஒரு மகனுடைய மக்களே உரியவர். குறி ஓர் எழுத்துத் தள்ளி நின்றால் எல்லா மகன்களுடைய மக்களும் உரியவர். பேரக்குழந்தைகள் நீதிமன்றம் ஏற இந்த ஓர் எழுத்து இடைவெளி போதும். ஆஸ்திரேலியாவின் நியூ சௌத் வேல்ஸில் ஒருவர், தம் முன்னாள் முதலாளி ஓய்வூதிய நிதி செலுத்தவில்லை என்று இணையத்தில் எழுதுகையில், ‘எம்ப்ளாயீஸ்’ என்ற சொல்லைக் குறியின்றி விட்டுவிட்டார். தம் ஒருவரைக் குறித்தே எழுதியதாக அவர் வாதித்தும், பலருக்குச் செலுத்தவில்லை என்று பொருள்படுகிறதே என மான நஷ்ட வழக்கு எழுந்தது. 2021இல் அதனை அற்பம் என்று தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது.

ஆங்கிலேயரே இதில் ஒழுங்காக இருக்கிறார்களா என்றால், இல்லை. லண்டன் சுரங்க ரயிலில் அடுத்தடுத்து வரும் இரு நிலையங்களில் எர்ல்’ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டுக்குக் கிடையாது. பர்மிங்காம் நகராட்சி 2009இல் தெருப் பலகைகளில் குறியே வேண்டாம் என்று தீர்மானித்தது. எனினும் நம் குழந்தையின் விடைத்தாளைத் திருத்துபவர் பர்மிங்காம் நகராட்சியின் ஊழியர் அல்லர்.

காய்கறிக் கடையில் மட்டும் நாம் இக்கணக்கைக் கேட்பதில்லை. வெண்டைக்காய்க்கு ஆங்கிலத்தில் பெண்ணின் விரல் என்று பெயர். அகராதி ஒரு பெண்ணுடைய விரல் என்று ஒருமையில் சொல்ல, நம் நகரத்துக் கடைப்பலகைகளோ ‘லேடீஸ் பிங்கர்’ என்று பல பெண்களுக்கும் சேர்த்து ஒரே விரலை வழங்கி, குறியையும் விட்டுவிடுகின்றன. நுனியை ஒடித்துப் பார்த்து, பிஞ்சாக இருந்தால் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வருகிறோம்.