மேட்டூர் அணையும் ஆடிப்பெருக்கும்: சேலம், நாமக்கல் காவிரிக்கரை விழாவின் நாள்வரையறை

முன்னுரை

ஆடிப்பெருக்கு, காவிரியின் புதுவெள்ளத்தை வரவேற்கும் விழாவாகவே பெரிதும் விளக்கப்படுகின்றது. 1934ஆம் ஆண்டு மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னர், அணைக்குக் கீழே ஆறு பெருகும் நாளையும் அளவையும் மழை மட்டுமே முடிவு செய்வதில்லை. ஆயினும் விழா நாள் மாறவில்லை. இதனால் நேர்ந்த இடைவெளியைச் சேலம், நாமக்கல் மாவட்டக் காவிரிக்கரைகளை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

பருவமும் நாளும்

தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்றவை விண்மீனை ஒட்டி அமைவதால் மாதத்திற்குள் நாள் மாறி வருகின்றன. ஆடிப்பெருக்கோ ஞாயிற்று மாதத்தின் 18ஆம் நாளாக நிலைபெற்றுள்ளது. ஆகஸ்டு 2 அல்லது 3ஆம் நாளில் அமைகின்றது. ஜூன் மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை குடகிலும் வயநாட்டிலும் வலுப்பெற்று, காவிரியும் கபினியும் நிறைந்து, தமிழகப் பகுதியில் ஆறு பெருகும் காலம் ஆடியின் இடைப்பகுதியாகும். எனவே இந்நாள் பருவத்தின் பட்டறிவில் விளைந்ததெனக் கருத இடமுண்டு.

இவ்வட்டாரத்தில் ஆடி 18, ஒரு கால அளவின் நிறைவு நாளுமாகும். ஆடி முதல் நாளில் தேங்காய் சுடும் விழா நிகழ்கின்றது. தேங்காயின் கண்ணைத் துளைத்து, பாசிப்பயறு, வெல்லம், எள், அவல் முதலியவற்றை இட்டு, குச்சியில் செருகித் தீயில் வாட்டிப் படைக்கின்றனர். பாரதப்போர் ஆடி முதல் நாளில் தொடங்கிப் பதினெட்டாம் நாளில் முடிந்தது என்பது இதற்கு மக்கள் கூறும் காரணம். ஆகவே, பதினெட்டு என்னும் எண் ஆற்றுநீரை மட்டும் சார்ந்து நிற்கவில்லை. காவிரி பாயாத கொல்லிமலையிலும் இந்நாளில் மக்கள் நீராடி அறப்பளீசுவரரை வழிபடுகின்றனர். அரசின் வல்வில் ஓரி விழாவும் இந்நாளை ஒட்டியே நடத்தப்பெறுகின்றது.

அணையின் நாட்காட்டி

120 அடி முழு நீர்மட்டமும் 93.47 டி.எம்.சி. கொள்ளளவும் கொண்ட மேட்டூர் அணைக்குத் தனியொரு நாட்காட்டி உண்டு. டெல்டா பாசனத்திற்கு ஜூன் 12, கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்ப் பாசனத்திற்கு ஆகஸ்டு 1 என்பன மரபான திறப்பு நாட்கள். நீர் இருப்பைப் பொறுத்து இவை முன்பின்னாகின்றன. டெல்டாவுக்கு நீர் திறக்க இயலாத சில ஆண்டுகளில், ஆடிப்பெருக்கிற்கென்றே அரசு சில நாட்கள் நீர் திறந்ததுண்டு. முன்பு பெருக்கு விழாவைத் தந்தது. அத்தகைய ஆண்டுகளில் விழா பெருக்கைத் தருவிக்கின்றது.

இதற்கு மறுதலையான சான்று 2024ஆம் ஆண்டில் கிடைக்கின்றது. அவ்வாண்டு ஜூன் 12 அன்று அணை திறக்கப்படவில்லை. ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. ஜூலை 30இல் அணை நிரம்பியது. நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் வெளியேறியதால் கரையோரங்களில் ஆற்றில் இறங்கத் தடை விதிக்கப்பட்டது. உண்மையான பெருக்கு வந்த ஆண்டில், பெருக்கை வழிபட வந்தோர் ஆற்றைத் தொட இயலாது நின்றனர்.

வழிபாட்டின் தகவமைவு

மேட்டூரில் ஊர்த்தெய்வங்களின் திருமேனிகளையும் ஆயுதங்களையும் காவிரியில் நீராட்டும் வழக்கம் தொடர்கின்றது. அங்கு மக்கள் பொங்கலிட்டுப் பலியிடும் முனியப்பன் ‘அணைக்கட்டு முனியப்பன்’ என்றே வழங்கப்பெறுகின்றார். அணை வழிபாட்டிற்குப் புறம்பான பொறியியல் அமைப்பாக நின்றுவிடாமல், தெய்வப் பெயரிலும் இடம்பெற்றுவிட்டதை இது காட்டுகின்றது. பள்ளிபாளையம், குமாரபாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் ஆகிய கீழ்க்கரை ஊர்களில் புதுமணமக்களின் நீராடலும் மஞ்சள் கயிறு மாற்றுதலும் அணையிலிருந்து வரும் நீரை எதிர்நோக்கியே நிகழ்கின்றன.

முடிவுரை

ஆடிப்பெருக்கின் நாள் பருவத்தால் பொருள் பெற்றது. இன்று அந்நாள் எண்ணின் மரபால் நிலைக்கின்றது. நீரோ அணையின் திறப்பால் வருகின்றது. இம்மூன்றும் ஒன்றுபடும் ஆண்டுகளும் உண்டு, பிரியும் ஆண்டுகளும் உண்டு. ஆகவே இவ்விழாவைப் புதுவெள்ள விழா என்று மட்டும் வரையறுப்பது போதாது. சடங்குகளைப் பதிவு செய்யும் கள ஆய்வுகள், அவ்வாண்டின் அணை நீர்மட்டத்தையும் திறப்பு நாளையும் உடன் பதிவு செய்தல் இன்றியமையாததாகும்.