கூட்டு வடிவமைப்பும் கைத்தொழிற் பொறியியற் கல்வியும்

பொறியியற் கல்வி பற்றி இலக்கிய ஆய்வாளராகிய நாம் பேச முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், சிந்திப்போரும் உழைப்போரும் வேறாக்கப்பட்டமை எத்துறைக்கும் புறம்பான பிரச்சினையன்று. கைத்தொழிற் பொறியியலைப் பொறுத்தவரை அது அத்துறையின் பிறப்போடு பிணைந்தது.

மனிதர், பொறிகள், மூலப்பொருள்கள், தகவல் ஆகியன இணைந்தியங்கும் முறைமைகளை வடிவமைப்பதே இத்துறையின் பணி. அதன் மூலவருள் ஒருவரான பிரெடெரிக் ரெயிலர், 1911இல் வெளியான 'விஞ்ஞான முகாமைத்துவத்தின் கோட்பாடுகள்' என்னும் நூலில், வேலையைத் திட்டமிடும் பொறுப்பு தொழிலாளரிடமிருந்து முகாமைக்கு மாற்றப்படல் வேண்டும் என்ற கருத்தை முறைப்படுத்தினார். தொழிலாளியின் கைத்திறனில் உறைந்திருந்த அறிவு இவ்வாறு முகாமையின் உடைமையாயிற்று. 1974இல் ஹரி பிறேவர்மன் தமது 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்னும் நூலில் இப்போக்கின் வர்க்க அடிப்படையைத் தெளிவுபடுத்தினார்.

குழுநிலை வடிவமைப்புச் செயற்றிட்டங்களை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். பட்டப்படிப்பின் இறுதியாண்டில் மாணவர் சிறு குழுக்களாக ஒரு தொழிற்சாலையின், களஞ்சியத்தின் அல்லது மருத்துவமனையின் உண்மைப் பிரச்சினையொன்றை ஆராய்வர். பொருள்களும் மனிதரும் செல்லும் வழிகளை வரைவர். ஒவ்வொரு வேலைக்கும் செல்லும் நேரத்தை அளப்பர். முறைமையின் இயக்கத்தைக் கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்ப்பர். மாற்றுத் திட்டங்களை ஒப்பிட்டு ஒன்றை விதந்துரைப்பர். ஒரு பொறியின் வேகத்தைக் கூட்டினால் அடுத்த பொறியின் முன் பொருள்கள் தேங்கும். தேக்கத்தை ஒருவர் காண, அதன் செலவை மற்றொருவர் கணிக்க, குனிந்து தூக்கும் உடலின் களைப்பை வேறொருவர் கவனிக்கிறார். முழுமையைத் தனியொருவர் காணவியலாது என்பதே இங்கு கற்கப்படும் முதற் பாடம்.

டென்மார்க்கில் 1974இல் நிறுவப்பட்ட ஓல்போர்க் பல்கலைக்கழகம் இம்முறையை இறுதியாண்டுக்கு மட்டுப்படுத்தாது, கல்வி முழுவதற்கும் அடிப்படையாக்கியது. மாணவர் குழுவாக அறிக்கை எழுதினர்; குழுவாகவே வாய்மொழிப் பரீட்சைக்கும் தோற்றினர். 2006ஆம் ஆண்டளவில் அந்நாட்டு வலதுசாரி அரசு குழுப் பரீட்சையைத் தடைசெய்தது. தனிமாணவரின் திறனை மதிப்பிடல் வேண்டும் என்பதே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். ஆட்சி மாறியபின், 2012–13 காலப்பகுதியில் அது மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கூட்டுழைப்பின் பயனைத் தனிமனிதர்க்குப் பங்கிட்டு அளத்தல் வெறும் பரீட்சை விதியன்று. அது அரசியல் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

எனினும், மாணவரிடையே தனிமனிதவாதம் தளர்வதால் ரெயிலர் ஏற்படுத்திய பிரிவினை தானாக நீங்கிவிடாது. குழுவில் இருப்போர் யாவர் என்ற வினா எஞ்சி நிற்கிறது. இவ்வகையில் நோர்வேயின் அனுபவம் கருதற்பாலது. 1960களில் ஓலே-ஜொஹான் டாலுடன் இணைந்து 'சிமுலா' என்னும் கணினி மொழியை ஆக்கியவர் கிறிஸ்ரன் நைகோட். முறைமைகளைக் கணினியில் மாதிரியாக இயக்கிப் பார்ப்பதற்கென்றே அம்மொழி தோன்றியது. அத்தகைய கருவிகள் தொழிலாளர்மீதான கட்டுப்பாட்டை இறுக்கக்கூடும் என்பதை உணர்ந்த நைகோட், 1970களின் தொடக்கத்தில் அந்நாட்டு இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் இணைந்து பணியாற்றினார். தொழிலாளர் தத்தம் ஆலைகளிற் புகுத்தப்படும் கணினி முறைமைகளைத் தாமே ஆராய்ந்தனர். 1975இல் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்கும் முதலாளிமார் சம்மேளனத்துக்கும் இடையே ஏற்பட்ட உடன்படிக்கை, இத்தகைய முறைமைகள் பற்றி அறியவும் அவற்றின் உருவாக்கத்திற் பங்குபற்றவும் தொழிலாளர்க்குள்ள உரிமையை ஏற்றுக்கொண்டது.

மாணவர் செயற்றிட்ட அறிக்கையை ஒரு பனுவலாக வாசிப்போமாயின், அதிற் பேசுவோர் யார், பேசப்படுவோர் யார் என வினவுதல் தகும். பொறியருகே நாள்முழுதும் நிற்பவர் அங்கு பெரும்பாலும் ஒரு நேர அளவாகவே தோன்றுகிறார். அவரது வேலை இலகுவாயிற்றா, அல்லது அவ்வேலையே இல்லாதொழிந்ததா என்பது சேமிக்கப்பட்ட செலவின் கணக்குள் மறைந்துபோகிறது. எனவே, பிரச்சினையை வரையறுக்கும் முதற் கூட்டத்திலேயே தொழிலாளர் குழுவின் உறுப்பினராக அமர்தல் வேண்டும்; இறுதி மதிப்பீட்டிலும் அவர்தம் தீர்ப்பு இடம்பெறல் வேண்டும். நிறுவனத்தின் செலவு குறைந்ததா என்பதோடு, யாருடைய சுமை குறைந்தது, யாருடைய சுமை கூடியது என்பதற்கும் மாணவர் விடை கூறல் வேண்டும். அவ்விடையைத் தேடப் பயிற்றாத கல்வி, எத்துணைக் குழுக்களை அமைப்பினும், ரெயிலர் வகுத்த பிரிவினையையே புதிய தலைமுறைக்குக் கையளிப்பதாகும்.