கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் புதுசு; கடிதங்கள் பத்திரம்!

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன் பண்டபாத்திரங்களை வெளியே எடுத்து வைக்கிறோம் அல்லவா? கம்ப்யூட்டரில் விண்டோஸை மறுபடி போடும்போதும் அப்படித்தான் செய்ய வேண்டும். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனதால், காளவாசலில் எங்கள் வீட்டிலும் விண்டோஸ் 11 போட்டோம். "அம்மா, பாப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட்டெல்லாம் மெயில்லதானே இருக்கு?" என்று பதறினாள் மகள்.

நாங்கள் ஈமெயில் படிப்பது தண்டர்பேர்டில். கடிதம், முகவரி எல்லாம் 'ப்ரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டரில் இருக்கும். 'ஐமேப்' முறையில் கடிதங்கள் சர்வரிலும் இருக்கும். 'பாப்' முறை என்றால் நம் கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கக்கூடும்; அலட்சியம் கூடாது!

போடும் முன்: 'ஹெல்ப்' மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' பகுதியில் அந்த ஃபோல்டரைத் திறக்கலாம். தண்டர்பேர்டை மூடிவிட்டு, முழு ஃபோல்டரையும் பென்டிரைவில் காப்பி செய்யுங்கள்.

போட்ட பின்: தண்டர்பேர்டின் அதே பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ நிறுவுங்கள். ஒருமுறை திறந்து, முன்போலவே புது ப்ரொஃபைல் ஃபோல்டரைக் கண்டுபிடித்துத் தண்டர்பேர்டை மூடுங்கள். அதில் உள்ளதை நீக்கிவிட்டு, பழைய ஃபோல்டருக்குள் இருப்பவற்றை மட்டும் அதற்குள் போடுங்கள். இப்படிச் செய்ததில் எங்களுக்கு ஒரு ரிப்போர்ட்கூடக் குறையவில்லை.

சகோதரிகளே, வேலை முடிந்ததென்று பென்டிரைவை அழித்துவிடாதீர்கள். சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளும் அதில் இருக்கும். நகையோடு நகையாகப் பீரோவில் பூட்டி வையுங்கள்!