கசக்கும் கடலைக்குள் யார்?



மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருக்கும்போது வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொறித்திருப்பீர்கள். நாலைந்து கடலை ருசியாக இருக்கும். அடுத்தது வாயெல்லாம் கசக்கும். “துப்பு, அது சொத்தை!” என்பார் பாட்டி. பாட்டி சொல்வது மிகவும் சரி. ஏன் என்று பார்ப்போமா?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் கடலை போடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்கும். கடலைச் செடியில் பூ வெளியே பூக்கும். பூ வாடியதும் விழுது மண்ணுக்குள் இறங்கி அங்கே காய் பிடிக்கும். அதே மண்ணில் அஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சையும் வாழ்கிறது. காய் முற்றும் சமயத்தில் மழை பொய்த்து மண் காய்ந்து சூடேறினால் செடி சோர்ந்துவிடும். பூச்சி துளைத்த காயும் மண்வெட்டி பட்டு உடைந்த காயும் பூஞ்சைக்குத் திறந்த வாசல். பிடுங்கிய கடலையை ஈரத்தோடு மூட்டை கட்டினாலோ, மூட்டைக்குள்ளேயே பூஞ்சை மஞ்சள் பச்சைத் தூளாகப் பூத்துவிடும். அப்படிக் கெட்ட கடலைதான் பெரும்பாலும் வாயில் கசக்கிறது.

இந்தப் பூஞ்சை சுரக்கும் நஞ்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. அவற்றின் தீவனத்தில் கலந்த கடலைப் புண்ணாக்கை ஆராய்ந்தபோதுதான் இந்த நஞ்சு பிடிபட்டது. 1974-இல் நம் நாட்டிலேயே பெரிய துயரம் நடந்தது. ராஜஸ்தான், குஜராத் எல்லையோரப் பழங்குடி ஊர்களில், மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் சாப்பிட்டவர்களில் நூறு பேருக்கு மேல் கல்லீரல் கெட்டு இறந்தார்கள். அதைச் சாப்பிட்ட நாய்களும் செத்தன.

கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருடம் உடம்பில் சேர்ந்தாலும் இந்த நஞ்சு கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும். அதனால்தான், மேற்கொண்டு பக்குவப்படுத்த அனுப்பும் கடலையில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் இருக்கிறது. எவ்வளவு சிறிய அளவு தெரியுமா? பத்து டன் ஏற்றிய 100 லாரிக் கடலையிலும் சேர்த்து வெறும் 15 கிராம்! வறுத்தாலும் அவித்தாலும் இது முழுதாக அழியாது.

அப்படியானால் செடியையே பலசாலியாக்க முடியுமா? ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் விஞ்ஞானிகள், அமெரிக்க விஞ்ஞானிகளுடன் சேர்ந்து கடலையில் மரபணு மாற்றம் செய்து பார்த்து, முடிவை 2017-இல் வெளியிட்டார்கள். இரண்டு வழிகளில் முயன்றார்கள்.

முதல் வழியில், மாட்டுத் தீவனமான குதிரைமசாலிலிருந்தும் அதன் உறவுச் செடியிலிருந்தும் பூஞ்சையை எதிர்க்கும் புரதங்களுக்கான மரபணுக்களை எடுத்துக் கடலையில் சேர்த்தார்கள். பூஞ்சை வளரவே திணறியது.

இரண்டாவது வழி இன்னும் அருமையானது. பூஞ்சை இந்த நஞ்சைப் பல படிகளில் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு மரபணு வேண்டும். மரபணு மாற்றிய கடலைச் செடி சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. துணுக்குகளை உண்டாக்கி, பூஞ்சையின் அந்த மரபணுக்களில் இரண்டின் வேலையைத் தடுத்துவிடும். மாவு பிசைந்து, எண்ணெயும் காய்ந்த பிறகு அச்சை ஒளித்துவைத்தால் முறுக்கு பிழிய முடியுமா? அப்படித்தான், பூஞ்சை இருந்தாலும் நஞ்சு உருவாவது வெகுவாகக் குறைந்தது.

ஆனால் இந்தக் கடலை இன்னும் நம் வயலுக்கு வரவில்லை. இந்தியாவில் உழவர்கள் பரவலாகப் பயிரிடும் மரபணு மாற்றுப் பயிர் 2002-இல் அனுமதி பெற்ற பருத்தி ஒன்றுதான். புதிய பயிர் எதுவானாலும், சாப்பிடுவோருக்கு ஒவ்வாமை வருமா, மண்ணுக்கும் மற்ற உயிர்களுக்கும் கேடு வருமா என்று பல ஆண்டுகள் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையில் அவசரம் கூடாது. பயத்தால் ஆராய்ச்சியையே நிறுத்துவதும் கூடாது.

அதுவரை நம் கையிலேயே நல்ல வழிகள் இருக்கின்றன. கடைசி நாட்களில் வயல் காயாமல் ஒரு தண்ணீர் பாய்ச்சுவது, உடைந்த காயைத் தனியே பிரிப்பது, காய் கலகலவென்று சத்தம் போடும்வரை வெயிலில் உலர்த்துவது, மூட்டையை ஈரத்தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்குவது — இவை நம் உழவர்கள் அறிந்தவைதாம்.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. வீட்டில் கடலை வாங்கினால் தட்டில் பரப்பி, சுருங்கியது, கறுத்தது, பூசணம் பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதை மாட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். மாடு தின்ற நஞ்சு பாலிலும் வரும். நல்ல கடலையைப் பயமில்லாமல் சாப்பிடுங்கள். அதில் புரதம் நிறைய இருக்கிறது. கசந்தால் மட்டும் விழுங்காதீர்கள். உடனே துப்பி வாயைக் கொப்பளியுங்கள்.