வியப்பின்மையை உணர்த்தும் வியப்புச்சொல்

வியப்பை உணர்த்தும் சொல்லே சிலவிடங்களில் வியப்பின்மையை உணர்த்தவும் பயன்படுகிறது. ஆங்கிலத்தில் 'அதிர்ச்சியுற்றேன்' எனப் பொருள்படும் 'ஷாக்ட்' என்னும் சொல்லை இருமுறை அடுக்கிக் கூறும் வழக்கு இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வழக்கு பரவக் காரணமாய் அமைந்தது 1942இல் வெளிவந்த 'காசாபிளாங்கா' என்னும் அமெரிக்கத் திரைப்படம். மைக்கேல் கர்ட்டிஸ் இயக்கிய இப்படத்தின் கதை, பிரான்சின் விஷி அரசுக்கு உட்பட்டிருந்த மொரோக்கோவில் 1941 டிசம்பரில் நிகழ்கிறது. ஜெர்மானிய அதிகாரியின் விருப்பப்படி ரிக் என்பவரது விடுதியை மூட வேண்டிய காவல்துறைத் தலைவர் ரெனோ, அதற்கொரு காரணம் தேடுகிறார். அங்குச் சூதாட்டம் நடப்பதறிந்து அதிர்ந்ததாக இச்சொல்லை அடுக்கிக் கூறுகிறார். உடனே விடுதிப் பணியாளர் ஒருவர், ரெனோ சூதில் வென்ற பணத்தைக் கொணர்ந்து அவரிடமே தருகிறார்; அவரும் நன்றி கூறிப் பெற்றுக்கொள்கிறார்.

ரெனோ செய்வது பாசாங்கு. பிற்காலத்தில் இத்தொடரை ஆள்வோர் செய்வதோ அப்பாசாங்கைப் போலச் செய்து காட்டுதல். பாசாங்கு செய்வோர் தம் நடிப்பை மறைப்பர். முரண்நகையாகப் பேசுவோர் அது நடிப்பெனக் கேட்போர் உணர்தலை விரும்புவர். ஹெர்பர்ட் கிளார்க், ரிச்சர்ட் கெரிக் ஆகியோர் 1984இல் வெளியிட்ட கொள்கை, முரண்நகையை இத்தகைய பாசாங்காகவே விளக்குகிறது.

இத்தொடரின் பயன்பாடு இருவகைப்படும். தன்மையில் வரும்போது, 'இது எதிர்பார்த்ததே' என்னும் பொருளைத் தரும். படர்க்கையில் வரும்போது, 'முன்பே அறிந்திருந்தும் அறியாதவர்போல் நடிக்கிறார்' என்னும் குற்றச்சாட்டாகும்.

தமிழில் பெயர்ப்போர் இடர்ப்படுவது இவ்விடத்தேதான். விரைவு, வெகுளி, உவகை, அச்சம், அவலம் முதலியவற்றால் சொல் அடுக்கி வருதலைத் தமிழிலக்கணம் கூறும். 'பாம்பு பாம்பு' என்பதில் அடுக்கு உண்மையான அச்சத்தை மிகுவிக்கிறது. ஆங்கிலத் தொடரிலோ அதே அடுக்கு உணர்வின் பொய்ம்மையைக் காட்டுகிறது. ஆகவே, ஓர் அமைச்சரைப் பற்றிய ஆங்கிலச் செய்தித் தொடரை 'அமைச்சர் பேரதிர்ச்சி அடைந்தார்' எனப் பெயர்த்தால், குற்றச்சாட்டு அனுதாபமாக மாறிவிடும். எழுதியவர் கருத்துக்கு நேர்மாறானதைப் படிப்போர் கொள்வர். 'ஒன்றுமறியாதவர்போல் அதிர்ந்தார்' என்பதே கருத்தைக் காக்கும். சொல்லைப் பெயர்ப்பதற்குமுன் சொல்பவர் நோக்கை அறிதல் வேண்டும் என்பதை இவ்வொரு தொடரே தெளிவுறுத்துகிறது.