கை மூட்டு வலி: கையை முடக்காதீங்க, பிடிக்கிற விதத்தை மாத்துங்க

துணி பிழியும்போது, டப்பா மூடியைத் திருகும்போது, கட்டைவிரலுக்கு அடியில சுரீர்னு இழுக்குதா? "வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்"னு பல அம்மாக்கள் பல்லைக் கடிச்சிக்கிட்டு வேலை பாக்குறாங்க. அப்படிப் பொறுத்துக்க வேண்டியதே இல்ல.

முதல்ல, உங்களுக்கு வந்திருக்கிறது எந்த வலி? முக்கியமா ரெண்டு வகை.

ஒண்ணு, மூட்டுத் தேய்மானம். நகத்துக்குப் பக்கத்து மூட்டு, விரலோட நடு மூட்டு, கட்டைவிரலின் அடி மூட்டு, பெரும்பாலும் இந்த மூணு இடத்துல வரும். மாதவிடாய் நின்ன பெண்களுக்கு அதிகம். விரல் நுனிப் பக்கம் கெட்டியா சின்னச் சின்ன முண்டு தெரியும்.

இன்னொண்ணு, முடக்குவாதம். நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டோட உள்சவ்வைத் தாக்குறதால வர்றது. மணிக்கட்டும் விரல் தொடங்குற மூட்டுகளும், பெரும்பாலும் ரெண்டு கையிலயும் வீங்கும்.

ரெண்டுல எதுன்னு தெரிஞ்சுக்க, காலையில எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் மடங்காம விறைச்சு நிக்குதுன்னு பாருங்க. தேய்மானத்துல பொதுவா அரை மணி நேரத்துக்குள்ள இளகிடும். முடக்குவாதத்துல ஒரு மணி நேரம், அதுக்கு மேலயும் ஆகலாம்.

இப்போ சமையலறைக்கு வருவோம். இடுக்கியால பாத்திரத்தைப் பிடிக்கிறீங்க. கட்டைவிரல் நுனியில நீங்க ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தா, அதோட அடி மூட்டுல ஏறத்தாழ 12 கிலோ இறங்குது. கிள்ளிப் பிடிக்கிற எந்த வேலையும் இப்படித்தான். அதனால ரெண்டு பக்கமும் காது வச்ச பாத்திரமா எடுங்க, ரெண்டு கையாலயும் தூக்குங்க. ஈரத் துணியைக் குழாய்ல சுத்திப் பிழியுங்க. காய்கறிப் பையை விரல்ல தொங்கவிடாம தோள்ல மாட்டுங்க. கரண்டி, கத்திப் பிடியில துணியைச் சுத்தித் தடிமனாக்குங்க. தேங்காய் துருவுறதையும் முறுக்கு பிழியுறதையும் ஒரே மூச்சுல முடிக்காம, நடுவுல கையை ஆறவிடுங்க.

வலிக்குதேன்னு கையை அசைக்காமலே வச்சிருந்தா தசை இளைச்சு, விறைப்பு கூடும். அதனால காலையில வெதுவெதுப்பான தண்ணியில பத்து நிமிஷம் கையை வைங்க. சர்க்கரை நோயால கை மரத்திருந்தா, சூட்டை வேற ஒருத்தர் பாத்துச் சொல்லணும்; இல்லன்னா வெந்துபோறதே தெரியாது. அப்புறம் விரலை நேரா நீட்டி, நுனியை மட்டும் கொக்கி மாதிரி மடக்கி, மெதுவா முழு முஷ்டியாக்கி, திரும்ப நீட்டுங்க. கட்டைவிரலால மத்த நாலு விரல் நுனியையும் ஒவ்வொண்ணா தொடுங்க. அஞ்சாறு தடவை போதும். வலியை மீறி இழுக்காதீங்க.

தேய்மான வலிக்கு மேல தடவுற டைக்ளோஃபினாக் ஜெல் நல்ல தொடக்கம். கட்டைவிரல் அடியில வலின்னா விரலைத் தாங்கிப் பிடிக்கிற பட்டை இருக்கு; சில மாசமாவது தொடர்ந்து போட்டாத்தான் பலன் தெரியும். வலி மாத்திரையை நீங்களா வாங்கி நாள்கணக்கா விழுங்காதீங்க. வயித்துப் புண், சிறுநீரகக் கோளாறு, ரத்தக் கொதிப்புன்னு வேற வினை வரும். பேர் தெரியாத பொடி, மாத்திரை வேண்டவே வேண்டாம். சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

முடக்குவாதத்துக்கு ஜெல்லும் பட்டையும் மட்டும் போதாது. நோயையே அடக்குற மருந்து வேணும். அதுல ஒண்ணான மெத்தோட்ரெக்சேட்டை டாக்டர் கொடுத்தா, அது வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் சாப்பிடுறது. தினமும் சாப்பிட்டா உயிருக்கே ஆபத்து. ஆரம்பத்துலயே வைத்தியம் தொடங்கினா மூட்டு கோணிப் போறதைப் பெரும்பாலும் தடுக்கலாம்.

அதனால மூட்டு வீங்கி, காலை விறைப்பு சில வாரமா விடலைன்னா, மூட்டு வாத நிபுணரைப் பாருங்க. ஒரு மூட்டு திடீர்னு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தா அன்னைக்கே மருத்துவமனைக்குப் போங்க. உங்க வீட்டுல யாராவது வலியை வெளிய சொல்லாம வேலை செஞ்சிட்டு இருந்தா, இந்தக் காணொளியை அவங்களோட சேர்ந்து உட்கார்ந்து பாருங்க.