கைப்பேசியில் தமிழ் எழுதுவோம்

தந்தி வந்தது என்றாலே வீடு முழுதும் கலங்கிய காலம் ஒன்று இருந்தது. இந்தியத் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நிறைவுற்றது. அதன் பணியைக் கைப்பேசியின் குறுஞ்செய்தி முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டது.

முதற் குறுஞ்செய்தி 3-12-1992 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பெற்றது. அது கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஒரு செய்தியில் ஆங்கில எழுத்துக்கள் 160 அடங்கும். தமிழாயின் 70 குறிகளே. துணையெழுத்துக்களும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். "மைசூர்" என்பது நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கைப்பேசிக்கு ஆறு. அளவு மிகின் செய்தி துண்டுகளாகப் பிரியும், கட்டணமும் ஏறக்கூடும். இணையவழிச் செய்திகளுக்கோ இவ்வளவு குறுகிய வரம்பு இல்லை. ஆகவே, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு இருந்த அந்தக் காரணம் நீங்கிற்று. பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

அன்பர்களே, இது நமக்குச் சிறு செய்தியன்று. மைசூரில் வளரும் நம் சிறுவர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கின்றனர். தமிழ் எழுத்தைக் காணும் வாய்ப்பு அவர்கட்கு அரிது. ஊரிலிருக்கும் பாட்டியோ தமிழ் மட்டுமே படிக்க அறிந்தவர். "சாப்பிட்டீர்களா?" என்று பேரன் ஆங்கில எழுத்தில் வினவினால், அவ்வன்பு அவரைச் சேர்வது எங்ஙனம்?

கைப்பேசியின் அமைப்புப் பகுதியில் விசைப்பலகையைத் திறந்து தமிழைச் சேர்த்துக்கொள்க. நாள்தோறும் ஒரு வரி, பிள்ளையின் கையாலேயே, ஊருக்குச் செல்லட்டும். குரலைப் பதிந்து அனுப்பும் வசதி எழுத்தறியாதோர்க்குத் துணையாகும். எழுதப் பழகும் பிள்ளைக்கு அது போதாது. பாட்டி பிழையைச் சுட்டி மறுமொழி விடுப்பாராயின், நம் பிள்ளைக்கு ஊரிலிருந்தே ஓர் ஆசிரியர் கிடைத்தார் என்க.